லித்தியம் மின்கலத்தின் கடைசி வெளிச்சம்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

"பாட்டரி தீர்ந்துவிட்டது" என்று நாள்தோறும் சொல்கிறோம். தீர்ந்த பாட்டரியை என்ன செய்கிறோம்? சன்னல் விளிம்பில் வைக்கிறோம். மேசை இழுப்பறையில் சாவிகளோடும் சில்லறைக் காசுகளோடும் போட்டுவிடுகிறோம். அல்லது குப்பையில் எறிகிறோம். தீர்ந்தது என்று சொன்ன உடனேயே அது ஓர் உயிரற்ற உலோகத் துண்டு ஆகிவிட்டதாக நம் எண்ணம். என் எண்ணமும் அதுவாகத்தான் இருந்தது. அதை மாற்றியது ஒரு பிஸ்கட் டப்பா.

எங்கள் கணினி ஆய்வகத்தில் சில கணினிகள் காலைதோறும் தேதியையும் நேரத்தையும் மறந்துவிடும். கணினியின் தாய்ப்பலகையில் காசு வடிவில் ஒரு சிறிய மின்கலம் உண்டு. மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது நலிந்தால் கணினிக்கு மறதி வரும். விடுமுறையில் ஆய்வக உதவியாளர் அண்ணனும் நானும் முப்பது கணினிகளிலும் அந்தக் கலங்களை மாற்றினோம். உண்மையில் கெட்டவை நாலைந்துதான். ஒரே வேலையாகப் போகட்டும் என்று எல்லாவற்றையும் மாற்றினோம். கழற்றிய முப்பதையும் ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் கொட்டியவன் நான்தான். போதாக்குறைக்குச் சில திருகாணிகளையும் அதே டப்பாவில் போட்டேன்.

அரைமணி நேரம் சென்றிருக்கும். "தம்பி, இந்த டப்பா ஏன் இப்படிச் சுடுது?" என்றார் அண்ணன். தொட்டேன், கையை இழுத்துக்கொண்டேன். மூடியைத் திறந்தால் ஒருவகை இனிப்பு நெடி. துணியைச் சுற்றி டப்பாவை வெளியே தூக்கிப்போய் மணலில் கொட்டிக் குச்சியால் பரப்பினோம். ஒரு கலத்தின் விளிம்பு பிளந்திருந்தது. அன்று தீப்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் பக்கத்தில் காகிதக் கட்டுகள் இருந்தன.

செத்தவை என்று நாம் கழற்றிய கலங்களுக்கு இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? அவற்றில் மிஞ்சியதைத் தீங்கின்றி வடிப்பது எப்படி? இவ்விரு கேள்விகளுக்கும் நான் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை. விடை தேடும் வழியில் நான் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். கட்டுரையில் பயனுள்ள பகுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

மின்கலத்தின் உள்ளே

கணினியிலிருந்து கழற்றிய கலத்தின் முதுகில் சி.ஆர்.2032 என்று பொறித்திருக்கும். இது வெறும் விற்பனை எண் அன்று. 'சி' என்பது உள்ளேயிருக்கும் வேதிப்பொருள் லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் என்பதைக் குறிக்கும். 'ஆர்' என்றால் வட்ட வடிவம். முதல் இரண்டு இலக்கங்கள் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றும், அடுத்த இரண்டும் கனம் 3.2 மில்லிமீட்டர் என்றும் சொல்கின்றன. இந்த இலக்கணம் தெரிந்தால் சி.ஆர்.2016 என்பதன் கனம் 1.6 மில்லிமீட்டர் என்று கலத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இந்தச் சிறு கணக்கு பின்னால் நமக்குப் பயன்படப் போகிறது.

லித்தியத்தை 1817ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலார் ஆர்ஃப்வெட்சன் ஒரு கனிமத்திலிருந்து கண்டறிந்தார். கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. உலோகங்களிலேயே அடர்த்தி மிகக் குறைந்தது அதுவே. தண்ணீரின் அடர்த்தியில் பாதியைச் சற்றே தாண்டும். எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்க அதைப்போல் ஆவல் கொண்ட உலோகமும் அரிது. அதன் திட்ட மின்முனை அழுத்தம் ஏறத்தாழ மைனஸ் 3.04 வோல்ட் என்று நம் வேதியியல் பாடப் பட்டியலில் பார்த்திருப்போம். எனவேதான் சாதாரண உலர் மின்கலம் 1.5 வோல்ட் தருமிடத்தில் லித்தியம் கலம் ஒன்றே 3 வோல்ட் தருகிறது.

கலத்தின் எதிர்மின்வாய் லித்தியத் தகடு. நேர்மின்வாய் மாங்கனீசு டை ஆக்சைடு. சிறுவயதில் பழைய டார்ச் பாட்டரியை உடைத்து விளையாடியவர்கள் கையில் கரியோடு சேர்ந்து ஒட்டிய கறுப்புப் பொடியும் இதுவே. ஆனால் இங்கே மின்பகுளியில் தண்ணீர் ஒரு சொட்டும் இருக்கலாகாது. லித்தியம் தண்ணீரைக் கண்டால் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றிக் காரமாக மாறிவிடும். ஆகவே எளிதில் ஆவியாகும், எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான்களில் உப்பைக் கரைத்து மின்பகுளியாக வைக்கிறார்கள். பிளந்த கலத்திலிருந்து வந்த இனிப்பு நெடி அந்தக் கரைப்பானுடையதே.

ஒரு கிராம் லித்தியம் ஏறக்குறைய 3.86 ஆம்பியர் மணி மின்னூட்டம் தர வல்லது. சி.ஆர்.2032 கலத்தின் முழுக் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. வகுத்துப் பார்த்தால் அதற்கு வேண்டிய லித்தியம் 0.06 கிராமுக்கும் குறைவு. அந்தத் துளியளவு உலோகம் ஒரு கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் ஓட்டும். அதே ஆற்றல் அரைமணியில் வெளிவந்தால் தகர டப்பா சுடத்தானே செய்யும்?

டப்பாவுக்குள் நடந்ததும் இப்போது விளங்கும். பொத்தான் கலத்தின் அடிப்புறமும் பக்கவாட்டும் நேர்முனை. நடு முகம் எதிர்முனை. முப்பது கலங்களைக் குவியலாகக் கொட்டினால் ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் முகத்தில் படும். சில தொடர் இணைப்பாகும். சில குறுக்குச்சுற்று ஆகும். தகரமும் திருகாணிகளும் மிச்சமிருந்த இணைப்புகளைச் செய்து கொடுத்தன.

தீர்ந்தது என்று சொல்வது யார்?

மணலில் கொட்டிய கலங்கள் ஆறியபின், பிளந்ததை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை மல்டிமீட்டரால் அளந்தேன். பாதிக்கு மேற்பட்டவை 2.8 வோல்ட்டுக்கு மேல் காட்டின. இதை எங்கள் விரிவுரையாளரிடம் சொன்னபோது, "வோல்ட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதே அப்பா. சுமையைக் கொடுத்துப் பார்" என்றார்.

அதன் பொருள் இது. லித்தியம்-மாங்கனீசு கலத்தின் மின்னழுத்தம் வாழ்நாளின் பெரும்பகுதியிலும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். கடைசியில்தான் செங்குத்தாகச் சரியும். ஆகையால் வெறுமனே அளந்தால் பாதி தீர்ந்ததும் முழுதும் நிறைந்ததும் ஒன்றுபோலத் தோன்றும். தேயத் தேயக் கூடுவது அகமின்தடை. ஒரு மின்தடையத்தை இணைத்துச் சில வினாடிகள் மின்னோட்டம் பாயவிட்டால் நலிந்த கலத்தின் வோல்ட் சடாரென்று இறங்கும். நல்லது அசையாது நிற்கும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. 'தீர்ந்தது' என்று சொல்வது கலம் அன்று. அதைப் பயன்படுத்தும் கருவி. ஒளி வீசவோ வானொலி அலை அனுப்பவோ கண நேரத்தில் மிகுந்த மின்னோட்டம் கேட்கும் கருவி, அகமின்தடை சற்றுக் கூடியதுமே 'தீர்ந்தது' என்றுவிடும். அதே கலம் ஒரு சிறு விளக்குக்குப் பல நாள் சோறு போடும்.

என் சித்தப்பா கடைகளுக்குத் திருட்டு எச்சரிக்கைக் கருவிகள் பொருத்தும் தொழில் செய்பவர். கம்பியில்லா உணர்விகளில் சி.ஆர்.123ஏ என்னும் கட்டைவிரல் பருமனுள்ள உருளை வடிவ லித்தியம் கலங்கள் உண்டு. அதன் விட்டம் சுமார் 17 மில்லிமீட்டர். நீளம் சுமார் 34 மில்லிமீட்டர். கொள்ளளவு சுமார் 1500 மில்லி ஆம்பியர் மணி. ஒரு காலத்தில் பிலிம் புகைப்படக் கருவிகளிலும் இவையே இருந்தன. எச்சரிக்கைக் கருவி நள்ளிரவில் கைவிட்டுவிடக் கூடாதல்லவா? ஆகவே கலம் தீருமுன்னரே நாட்காட்டியைப் பார்த்து மாற்றிவிடுவார். கழற்றியவை ஒரு பையில் குவியும். மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் ஒவ்வொன்றிலும் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது. வீட்டில் அந்தப் பையைத் தொங்கவிட்டிருந்த இடம் சமையலறைச் சுவர் என்பதை அறிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏரியும் மதகும்

மிஞ்சியதை வடித்துவிட வேண்டும் என்பது சரி. எப்படி வடிப்பது? இரு முனைகளையும் கம்பியால் இணைத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். அது ஏரிக்கரையை வெட்டிவிடுவதற்கு ஒப்பாகும். சி.ஆர்.123ஏ கலத்தில் 3 ஆம்பியர் பாய்ந்தால், 3 வோல்ட்டை 3 ஆம்பியரால் பெருக்க 9 வாட் வெப்பம் அந்தக் கட்டைவிரல் அளவுப் பொருளிலும் கம்பியிலும் பிறக்கும். லித்தியம் உருகும் வெப்பநிலை சுமார் 180 டிகிரி செல்சியஸ்தான். உள்ளிருக்கும் கரைப்பான் அதற்கு வெகு முன்பே ஆவியாகிக் கலத்தைப் பிளக்கும்.

நமக்கு வேண்டியது கரை உடைப்பு அன்று, மதகு. அந்த மதகுதான் சிறிய எல்.இ.டி. கைவிளக்கு.

எல்.இ.டி. என்பது ஒளி உமிழும் குறைகடத்தி டையோடு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். நீல எல்.இ.டி. கிடைத்த பிறகே வெள்ளை ஒளி கைவந்தது. அதற்காக அகசாக்கி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பழைய இழை பல்புக்கும் எல்.இ.டி.க்கும் நம் நோக்கில் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. இழை பல்பில் மின்னழுத்தம் குறைந்தால் இழை குளிரும். குளிர்ந்த இழையின் மின்தடை குறைவு. எனவே கலம் சோர்ந்தபின்னும் அது வாங்கிக்கொண்டேயிருக்கும். டையோடில் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. அடுக்குக்குறி விதிப்படி மாறுகிறது. மின்னழுத்தம் பத்தில் ஓரிரு பங்கு வோல்ட் இறங்கினாலே மின்னோட்டம் பன்மடங்கு குறைந்துவிடும். கலம் சோரச் சோர விளக்கு தன் பசியைத் தானே சுருக்கிக்கொள்கிறது. இறுதியில் கேட்பதையே நிறுத்திவிடுகிறது.

நம் ஊர் ஏரி மதகை நினைத்துப் பாருங்கள். ஏரி நிறைந்திருக்கையில் நீர் விசையோடு பாயும். நீர்மட்டம் இறங்க இறங்கப் பாய்ச்சல் தளரும். மதகின் அடிமட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். வெள்ளை எல்.இ.டி. உயரத்தில் அமைந்த மதகு, ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்குக் கீழே அது மங்கி அணையும். சிவப்பு எல்.இ.டி. தாழ்வான மதகு, ஏறத்தாழ 1.6 வோல்ட் வரையிலும் மினுக்கும். முதலில் மேல்மதகு, பிறகு கீழ்மதகு என்று இரண்டு கட்டமாக வடித்தால் ஏரி அமைதியாக வற்றும்.

நான் கையாண்ட முறை

பொத்தான் கலத்துக்கு: சாவிக்கொத்தில் மாட்டும் சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் தள்ளுவண்டிக் கடையில் வாங்கினேன். அதில் சி.ஆர்.2016 கலங்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. 1.6ஐ இரண்டால் பெருக்கினால் 3.2. எனவே அவ்விரண்டையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு சி.ஆர்.2032ஐ வைத்தால் அளவு பிசகாமல் உட்காருகிறது. 6 வோல்ட்டுக்குப் பதில் 3 வோல்ட் கிடைப்பதால் வெளிச்சம் மங்கல்தான். நமக்கு வேண்டியதும் அதுவே. பாதி மிஞ்சிய கலத்தில் 110 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது என்றால், சராசரி 2 மில்லி ஆம்பியர் வீதம் 55 மணி நேரம் எரியும்.

உருளைக் கலத்துக்கு: ஒற்றைக் கலம் போடும் சிறு கைவிளக்கு, அதிலும் மிகக் குறைந்த ஒளி நிலை. இந்தக் கலத்துக்காகச் செய்யப்பட்ட பெரும் ஒளி விளக்குகள் சில, ஓர் ஆம்பியருக்கு மேலும் இழுப்பவை. அவை நம் வேலைக்கு ஆகா. சில விளக்குகளின் உள்ளே ஒளியைச் சீராக வைக்கும் மின்சுற்று இருக்கும். கலம் சோரும்போது அது ஏற்றம் கட்டி இறைப்பதுபோல் இன்னும் மிகுதியாக இழுக்கும். மின்சுற்று இல்லாத எளிய விளக்கே மேல்.

இரண்டாம் கட்டத்துக்கு: ஒரு சிவப்பு எல்.இ.டி.யுடன் 100 ஓம் மின்தடையம் ஒன்றைத் தொடராகப் பற்றவைத்தேன். கலம் 3 வோல்ட், சிவப்பு எல்.இ.டி. எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2 வோல்ட். மிஞ்சிய 1 வோல்ட்டை 100 ஓமால் வகுக்க 10 மில்லி ஆம்பியர். மின்தடையம் இல்லாமல் உருளைக் கலத்தோடு நேரே இணைத்தால் எல்.இ.டி. கருகிவிடும். 10 மில்லி ஆம்பியரில் கலம் தரும் திறன் 0.03 வாட், கம்பியால் இணைத்தபோது கணக்கிட்ட 9 வாட்டில் முந்நூற்றில் ஒரு பங்கு. கலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாலும் சூடு தெரியாது.

எந்த விளக்கானாலும் ஒரு விளக்குக்கு ஒரே கலம். இது மாறாத விதி. நலிந்த கலம் இரண்டைத் தொடராகப் போட்டால், வலிமை குன்றியது முதலில் வற்றும். வலிமையுள்ளது அதன் வழியாகவும் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். வற்றிய கலத்தின் முனைகள் தலைகீழாக மாறி, உள்ளே வேண்டாத வினைகள் நடந்து, சூடேறி வெடிக்கவும் கூடும். புதியதும் பழையதும் கலந்து போடக் கூடாது என்று கலத்தின் உறையில் அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே.

எரியும் விளக்கை ஒரு பீங்கான் தட்டில், எளிதில் தீப்பற்றும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்தேன். இரவில் அந்த மங்கல் ஒளியே விடுதி நடைக்கு விளக்காயிற்று. மின்தடை வந்த ஓர் இரவு, சித்தப்பா தூக்கி எறிய இருந்த கலத்தின் ஒளியில் நான் ஓர் அத்தியாயம் படித்து முடித்தேன். வடிப்பது என்றால் வீணடிப்பது என்று பொருளில்லை.

விளக்கு அணைந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. கலத்தைக் கழற்றி ஒரு நாள் சும்மா வைத்தால் வோல்ட் மீண்டும் ஏறும். உள்ளே அயனிகள் பரவி அமைய அந்த ஓய்வு இடம் தருகிறது. திரும்ப மாட்டினால் விளக்கு மறுபடி சிறிது நேரம் எரியும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தேன்.

நான் செய்த பிழை

சிவப்பு ஒளியும் அணைந்த பொத்தான் கலங்கள் பதினொன்று சேர்ந்தன. "இனி இவை உண்மையாகவே செத்தவை" என்று பெருமையோடு ஒரு தீப்பெட்டியில் போட்டு, அக்காளுக்குக் காட்டுவதற்காக வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். திண்ணையில் தீப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, மதகும் ஏரியும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அக்காள் திடீரென்று எழுந்து ஓடினாள். அவளுடைய ஒரு வயதுப் பையன் தவழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். மூடிய கைக்குள் ஒரு கலம். கை வாயருகில் இருந்தது. விரல்களைப் பிரித்து வாங்கினாள். பத்தும் ஒன்றும் பதினொன்று என்று மூன்று தடவை எண்ணிய பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

"செத்தது என்றாயே, விழுங்கியிருந்தாலும் ஒன்றும் ஆகாதுதானே?" என்று அக்காள் கேட்டாள். ஆகாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மறுநாள் அதே கலத்தை அளந்தேன். 1.7 வோல்ட் காட்டியது.

விரிவுரையாளரிடம் போனேன். அவர் கரும்பலகையில் ஓர் எண்ணை மட்டும் எழுதினார்: 1.23. தண்ணீரை மின்னாற்பகுப்பால் பிரிக்கக் குறைந்தது இத்தனை வோல்ட் வேண்டும் என்று நாம் படித்திருக்கிறோம். பொத்தான் கலம் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான சதை அதன் இரு முனைகளையும் இணைக்கிறது. எதிர்முனையில் தண்ணீர் பிரிந்து கடுமையான காரம் உண்டாகிறது. புண்ணை உண்டாக்குவது கலத்தின் உள்ளிருக்கும் நஞ்சு அன்று, அந்தக் காரம். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்துவிடக்கூடும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்தியம் கலங்கள், சிக்கிக்கொள்ளும் அளவாலும் 3 வோல்ட் அழுத்தத்தாலும் மற்றெல்லாப் பொத்தான் கலங்களையும்விடக் கொடியவை. கருவியை ஓட்டமுடியாத கலமும் சதையைச் சுட வல்லது.

"உன் சிவப்பு விளக்கு எங்கே நிற்கிறது?" என்று கேட்டார். "1.6 வோல்ட், சார்." "1.23க்கு மேலா, கீழா?" நான் பதில் சொல்லவில்லை. பதில் இருவருக்கும் தெரிந்ததுதான்.

என் உவமையிலேயே பிழை இருந்தது. மதகு எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் அதன் மட்டத்துக்குக் கீழே பள்ளத்து நீர் நிற்கும். விளக்கு அணைந்தது என்பதற்கு, விளக்குக்கு எட்டும் நீர் தீர்ந்தது என்றுதான் பொருள். கருவி சொன்னதை நம்பிக் கலத்தைத் தூக்கி எறிபவரைக் குறை கூறிய நானே, விளக்கு சொன்னதை நம்பி ஏமாந்திருந்தேன்!

ஆகவே மூன்றாம் கட்டம் ஒன்றைச் சேர்த்தேன். சிவப்பு அணைந்த ஒற்றைக் கலத்தின் குறுக்கே 1000 ஓம் மின்தடையம் ஒன்றை மூன்று வாரம் இணைத்து வைத்தேன். 1.6 வோல்ட்டில் அது எடுப்பது 1.6 மில்லி ஆம்பியர் மட்டுமே. சூடு என்ற பேச்சே இல்லை. மின்தடையத்துக்கு மதகுமட்டம் கிடையாது. ஏரியின் அடியில் இட்ட சிறு துளைபோல் கடைசிவரை கசியும். பிறகு கழற்றி ஒரு நாள் வைத்து அளந்தபோதும் கலங்கள் 1 வோல்ட்டை எட்டவில்லை. அப்படியும் அவற்றைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் மறுபடி எடுத்துச் செல்லவில்லை. வடித்த கலமும் விளையாட்டுப் பொருள் அன்று. குழந்தை விழுங்கியதாக ஐயம் வந்தாலே, அழவில்லையே, நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எக்ஸ்-ரே எடுத்தால் கலம் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

செய்யக்கூடாதவை

உப்புநீரில் போட்டுவைத்தால் வடிந்துவிடும் என்று சிலர் சொல்வர். உப்புநீர் முதலில் அரிப்பது முனைகளை. முனை அரிபட்டதும் மின்னோட்டம் நின்றுவிடும். உள்ளே மின்னூட்டம் அப்படியே இருக்கும். உறை துளைபட்டால் தண்ணீர் லித்தியத்தைச் சேரும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும். சுத்தியலால் தட்டுவதும், ஊசியால் துளைப்பதும், குப்பையோடு கொளுத்துவதும் அறவே கூடா. உப்பியது, கசிவது, அடிபட்டு நசுங்கியது ஆகிய கலங்களை எந்த விளக்கிலும் மாட்ட வேண்டாம். மணல் நிறைந்த சட்டியில் தனியே வைப்பதே நலம். இந்தக் கலங்களுக்கு மீண்டும் மின்னேற்ற முயல்வது எல்லாவற்றிலும் பெருந்தவறு. இவை ஒருமுறை பயன்பாட்டுக்கு மட்டுமே உரியவை.

மின்னேற்றக் கூடிய லித்தியம்-அயனிக் கலங்கள் வேறு சாதி. கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இருப்பவை அவை. அவற்றை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகியோருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நான் சொன்ன முறையை அவற்றில் கையாளக் கூடாது. மின்னழுத்தம் மிகத் தாழ்ந்தால் உள்ளேயிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு யாரேனும் அறியாமல் மின்னேற்றினால், கரைந்த செம்பு மறுபடி படிந்து உள்ளேயே குறுக்குச்சுற்று உண்டாகும். பழுதான அத்தகைய கலங்களை வடிக்க முனையாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைப்பதே முறை.

வடித்த பின்

வடித்த ஒவ்வொரு கலத்தின் இரு முகங்களையும் ஒட்டும் நாடாவால் தனித்தனியே மூட வேண்டும். தகர டப்பா வேண்டாம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா போதும். அதை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பிறகு? 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய அரசு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. சிறிய கலங்களும் அதில் அடங்கும். பயன்படுத்தியவர் கலத்தை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும். அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. குறுக்கே கோடிட்ட குப்பைத்தொட்டிப் படம் கலத்தின் உறையில் இருப்பதன் பொருள் இதுதான்.

குப்பை வண்டியில் நசுங்குவதும், கிடங்கில் குப்பைக்குள் உரசிப் பொறி பறப்பதும் மின்னூட்டம் மிஞ்சிய கலங்களால்தான். அந்தக் குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் நம்மைப்போன்ற மனிதர்கள். நாம் ஒரு சிறு விளக்கில் மூன்று இரவு எரியவிட்டு, நாடா ஒட்டிக் கொடுத்தால், அவர்கள் கை சுடாமல் தப்பும்.

முடிவுரை

எங்கள் இயற்பியல் ஆய்வகத்தின் வாசலில் இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. பக்கத்தில் மூன்று சிறு பலகைகள். முதலாவதில் வெள்ளை விளக்கு, இரண்டாவதில் சிவப்பு விளக்கு, மூன்றாவதில் ஒளியே தராத ஒரு மின்தடையம். மாணவர்கள் கொண்டுவரும் கலங்களை ஒவ்வொன்றாக அம்மூன்றிலும் ஏற்றி இறக்குவது என் வேலை. மாலையில் ஆய்வகம் பூட்டும்போது ஆய்வக உதவியாளர் அண்ணன், பிஸ்கட் டப்பா நினைவால், பலகைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செல்கிறார்.

"ஏன் தம்பி, மூணாவது பலகையில வெளிச்சமே இல்லையே, அது எதுக்கு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அதுதாண்ணே முக்கியமான பலகை" என்றேன்.

இந்த மலரைப் படிக்கும் நண்பர்கள் இன்று மாலை தத்தம் வீட்டு இழுப்பறையை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறேன். சாவிகளுக்கும் காசுகளுக்கும் நடுவே வட்டமாக ஒன்று மின்னினால், அதை உடனே தனியே எடுத்து இரு முகத்திலும் நாடா ஒட்டுங்கள். வடிப்பதை ஆய்வகத்துக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.